பழைய சிறு விமானங்களின் வரலாறும் விபத்து அறிக்கைகளும்: ஒரு திருத்தம், ஒரு வேண்டுகோள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் சென்ற வாரம் வெளிவந்த, நம் நாட்டின் பழைய சிறு விமானங்களைப் பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். விமானப் பயிற்சிக் கழகம் ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பராமரிப்புப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஜெட் விமானங்களைப் பற்றியே எல்லோரும் எழுதும் காலத்தில், துணி போர்த்திய இறக்கையோடு பறந்த விமானங்களுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கிய தங்களுக்கு முதலில் என் நன்றி. ஆயினும், அக்கட்டுரையில் உள்ள இரண்டு வாக்கியங்களைத் திருத்தாமல் விட்டால் அவை நாளை இன்னொரு கட்டுரைக்கு ஆதாரமாகிவிடும் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன். சற்று நீளமாக எழுத நேர்ந்ததற்குப் பொறுத்தருள வேண்டும்.

முதலாவது, படத்தின் கீழே இருந்த வாக்கியம். ஜே.ஆர்.டி. டாட்டா 1932ஆம் ஆண்டில் கராச்சியிலிருந்து தபால் பைகளோடு ஓட்டி வந்த ‘அதே விமானம்’ என்று அங்கே அச்சிடப்பட்டிருந்தது. படத்தில் இருப்பது அந்த விமானம் அன்று. 1932 அக்டோபர் 15ஆம் தேதி அவர் ஓட்டி வந்தது புஸ் மாத். அதன் பதிவு எழுத்துகள் விடி-ஏடிஎன். அகமதாபாத் வழியாக அவர் பம்பாயின் ஜுஹு திடலில் வந்து இறங்கினார். அங்கிருந்து தபாலைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தவர் அவருடைய கூட்டாளி நெவில் வின்சென்ட். ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1982 அக்டோபர் 15 அன்று, எழுபத்தெட்டு வயதில் டாட்டா அதே கராச்சி–பம்பாய் வழியில் மீண்டும் தனியாகப் பறந்தபோது ஓட்டியது லெப்பர்ட் மாத். தாங்கள் வெளியிட்ட வண்ணப்படத்தில் இருப்பதும் இந்த லெப்பர்ட் மாத்தே. இரண்டும் பிரிட்டனின் டி ஹாவிலண்ட் நிறுவனத்தின் தயாரிப்புகள். இரண்டும் கூரைமேல் இறக்கை உள்ள, மூடிய அறை கொண்ட, ஒற்றை எஞ்சின் விமானங்கள். தூரத்துப் பார்வைக்கு ஒன்றுபோலவே தெரியும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புஸ் மாத்தின் உடல் எஃகுக் குழாய்களைப் பற்றவைத்து அதன்மேல் துணி போர்த்தியது. லெப்பர்ட் மாத்தின் உடல் ஒட்டுப்பலகையால் ஆனது. புஸ் மாத்தின் இறக்கை அடியிலிருந்து நுனிவரை ஏறக்குறைய ஒரே அகலமாகச் செல்லும். லெப்பர்ட் மாத்தின் இறக்கை நுனியை நோக்கிக் குறுகிக்கொண்டே போகும். மேலும், லெப்பர்ட் மாத் முதன்முதலாகப் பறந்ததே 1933 மே மாதத்தில்தான். பிறந்தே இராத விமானத்தை 1932இல் யாரும் ஓட்டியிருக்க முடியாது.

இதைக் கட்டுரையாளரின் அலட்சியம் என்று நான் கருதவில்லை. பழைய விமானங்களைத் தேடிப் போகிற எவரும் முதலில் விழுகிற குழி இது. விமானத்தின் பெயரையும், அதன் பக்கவாட்டில் எழுதியிருக்கும் பதிவு எழுத்துகளையும் வைத்துக்கொண்டு வரலாறு எழுதிவிடலாம் என்று நினைக்கிறோம். வண்டி வாங்கி விற்கிறவர்களுக்கு இதிலுள்ள சிக்கல் எளிதில் விளங்கும். நம்பர் பலகை மாறும். சேஸிஸ் எண் மாறாது. விமானத்துக்கும் அப்படித்தான். தொழிற்சாலையில் ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு கட்டுமான எண்ணைத் தகட்டில் பொறித்து உடற்சட்டத்தில் அறைந்துவிடுவார்கள். நாடு மாறினாலும், உடைமையாளர் மாறினாலும், இராணுவம் எடுத்துக்கொண்டு வேறு எண் கொடுத்தாலும், அந்த எண் அதுவேதான். இந்தியாவில் 1920களின் இறுதிவரை சிவில் விமானங்கள் ‘ஜி-ஐ’ என்று தொடங்கும் எழுத்துகளைத் தாங்கின. 1929இலிருந்து ‘விடி’ வந்தது. (‘விடி’ என்பதற்கு ‘வைஸ்ராயின் பிரதேசம்’ என்று பொருள் சொல்லும் வழக்கம் இன்றும் இருக்கிறது, தங்கள் கட்டுரையிலும் அது இடம்பெற்றிருந்தது. உண்மையில் அது, 1927ஆம் ஆண்டு வாஷிங்டனில் நடந்த வானொலித் தந்தி மாநாட்டில் பிரிட்டிஷ் இந்தியாவுக்கு ஒதுக்கப்பட்ட அழைப்புக்குறி எழுத்துகளிலிருந்து எடுக்கப்பட்டது.) இரண்டாம் உலகப் போரில் இராணுவம் சிறு விமானங்களை எடுத்துக்கொண்டபோது இந்த எழுத்துகள் அழிக்கப்பட்டு இராணுவ எண்கள் எழுதப்பட்டன. போர் முடிந்து உபரியாக விற்கப்பட்ட டைகர் மாத் என்ற பயிற்சி விமானங்கள் பயிற்சிக் கழகங்களுக்கு வந்தபோது புதிய எழுத்துகள் பெற்றன. ஆகவே ஒரே விமானம் மூன்று பெயரில் மூன்று ஏட்டில் இருக்கும். கட்டுமான எண்ணைப் பிடிக்காதவர் அதை மூன்று விமானம் என்றே எண்ணுவார்.

கட்டுமான எண்ணும் முழு உண்மையைச் சொல்லிவிடாது என்பதை என் கையாலேயே செய்த வேலையிலிருந்து சொல்கிறேன். எங்கள் கழகத்தில் இருந்தவை பெரும்பாலும் புஷ்பக். பெங்களூரில் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை உருவாக்கி, 1958 செப்டம்பரில் முதன்முதலாகப் பறக்கவிட்ட, இருவர் அருகருகே அமர்ந்து ஓட்டும் சிறிய பயிற்சி விமானம் அது. தொண்ணூறு குதிரைத்திறன் கொண்ட கான்டினென்டல் எஞ்சின். அதன் இறக்கைத் துணியை மாற்றும் வேலையைப் பார்த்தவர்களுக்கு ஹாங்கரில், அதாவது விமானக் கொட்டகையில், இருக்கும் டோப் பூச்சின் வாடை ஆயுளுக்கும் மூக்கை விட்டுப் போகாது. துணியை இழுத்துப் போர்த்தி, இறக்கையின் குறுக்குச் சட்டம் ஒவ்வொன்றோடும் மெழுகு தடவிய நூலால் தைத்து, முடிச்சுக்கு முடிச்சு அளவு பார்த்து, அதன்மேல் டோப் அடித்துக் காயவிட்டால், துணி பறைத்தோல்போல விறைத்து நிற்கும். விரலால் சுண்டினால் ஓசை வரும். ஒரு புஷ்பக்கின் வலது இறக்கை தரையில் மோதிச் சேதமானபோது, பழுதுக்காக ஒதுக்கி வைத்திருந்த இன்னொரு புஷ்பக்கின் இறக்கையைக் கழற்றி இதற்குப் பொருத்தினோம். எஞ்சின் வேறொன்றிலிருந்து வந்தது. அதே விமானம் ஐந்தாறு ஆண்டுகள் கழித்துப் பறந்தபோது, ஒரே கட்டுமான எண்ணின் கீழ் மூன்று விமானங்களின் உடலுறுப்புகள் இருந்தன. இந்த மாற்றங்கள் எல்லாம் எங்கே இருக்கின்றன? லாக் புக்கில். விமானத்துக்கு ஒன்று, எஞ்சினுக்கு ஒன்று எனத் தனித்தனியே வைத்திருந்த அந்த ஏடுகளில், எத்தனை மணி நேரம் ஓடியது, எந்தத் தேதியில் எந்தப் பாகம் மாற்றப்பட்டது, யார் கையொப்பமிட்டார் என்று வரிவரியாக எழுதியிருக்கும். ஒரு சிறு விமானத்தின் வரலாறு என்று ஒன்று உண்டென்றால் அது அந்த ஏடுதான்.

இனி, என்னை எழுதத் தூண்டிய இரண்டாவது வாக்கியத்துக்கு வருகிறேன். பழைய பயிற்சி விமானங்கள் சில விழுந்ததைக் குறிப்பிட்டுவிட்டு, ‘பெரும்பாலும் எஞ்சின் கோளாறோ விமானியின் கவனக்குறைவோ காரணம் என்று பதிவுகள் கூறுகின்றன’ என்று கட்டுரை முடித்துக்கொள்கிறது. எந்தப் பதிவுகள் என்று அதில் இல்லை. பழைய நாளிதழ்களைப் புரட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்: விபத்து நடந்த மறுநாள் வரும் செய்தியில் இந்த இரண்டு காரணங்களில் ஒன்று இருக்கும். அது நிருபருக்கு அங்கு நின்றவர் சொன்னது. விசாரணை முடிந்து அறிக்கை வரும்போது செய்தி பழையதாகிவிடும். அறிக்கை என்ன சொன்னது என்பது பத்திரிகையில் வராமலே போகும். ஆக, மறுநாளைய ஊகம் நூறாண்டு காலத்துக்கு வரலாறாகிவிடுகிறது.

இது எவ்வளவு பெரிய தவறில் கொண்டுபோய் விடும் என்பதற்கு, தங்கள் கட்டுரை பேசிய அதே புஸ் மாத்தின் கதையைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. டி ஹாவிலண்டின் நிறுவனர் பூச்சிகளைச் சேகரிப்பதில் ஆர்வம் உடையவர். அதனால்தான் தம் சிறு விமானங்களுக்கு ‘மாத்’ என்று முடியும் அந்துப்பூச்சி வகைகளின் பெயர்களைச் சூட்டினார். 1929 செப்டம்பரில் முதலில் பறந்த புஸ் மாத், அந்தக் காலத்தில் வசதியானவர்களின் கனவு விமானம். காற்றில் முகம் அடிபடாமல், கோட்டும் தொப்பியுமாக அறைக்குள் அமர்ந்து போகலாம். இங்கிலாந்தில் மட்டும் 259 விமானங்கள் கட்டப்பட்டன. கனடாவில் மேலும் 25. பிரிட்டிஷ் விமானி ஜிம் மோலிசன் 1932 ஆகஸ்டில் அயர்லாந்திலிருந்து அட்லாண்டிக்கைக் கிழக்கிலிருந்து மேற்காகத் தனியாளாய்க் கடந்தது இதில்தான்.

ஆனால் 1930 அக்டோபரில் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு புஸ் மாத் பறந்துகொண்டிருக்கும்போதே இறக்கை பிய்ந்து விழுந்தது. 1931 மே மாதம் தென்னாப்பிரிக்காவின் டிராக்கன்ஸ்பர்க் மலைப்பகுதியில் இன்னொன்று. அதில் இறந்தவர்களில் ஒருவர் கிளென் கிட்ஸ்டன். அதற்கு முந்தைய மாதம்தான் இங்கிலாந்திலிருந்து கேப் டவுனுக்கு ஏறக்குறைய ஆறரை நாளில் பறந்து சாதனை செய்திருந்தார். 1932 ஜூலையில் இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் விழுந்ததில் நாடாளுமன்ற உறுப்பினர் ஆல்ஃப்ரட் பாஸமின் மனைவியும் மகனும், உடன் சென்ற விருந்தினரும் மாண்டனர். அதே ஆண்டு செப்டம்பர் 18 அன்று ஆஸ்திரேலியாவின் பைரன் பே அருகே விழுந்த விமானத்தில் பயணியாக இருந்தவர் லெஸ் ஹோல்டன். முதல் உலகப் போரின் புகழ்பெற்ற விமானி, 1929இல் வடமேற்கு ஆஸ்திரேலியாவில் காணாமற்போன, அந்நாட்டுப் புகழ்பெற்ற விமானி கிங்ஸ்ஃபோர்டு ஸ்மித்தின் விமானத்தைத் தேடிக் கண்டுபிடித்தவர். 1933 ஜனவரி 7ஆம் தேதி இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்ட ஆஸ்திரேலிய விமானி பெர்ட் ஹிங்லரின் புஸ் மாத் இத்தாலியின் பிரத்தோமாஞ்ஞோ மலையில் விழுந்தது. பனி உருகிய பிறகு, ஏப்ரல் இறுதியில்தான் அவருடைய உடல் கிடைத்தது. இவ்வாறு வானில் உடைந்தவை மொத்தம் ஒன்பது என்று கணக்கிடுகிறார்கள்.

இவை ஒவ்வொன்றும் தனித்தனியே பார்த்தால் எப்படித் தோன்றும் என்று எண்ணிப் பாருங்கள். ஆஸ்திரேலியாவில் புயல், ஆப்பிரிக்காவில் மலைக்காற்றின் கொந்தளிப்பு, இத்தாலியில் குளிர்காலத்து மலைத்தொடரைத் தனியாளாகக் கடக்கும் துணிச்சல். ஒவ்வொரு விபத்துக்கும் அந்தந்த ஊரில் ஏற்கத்தக்க ஒரு காரணம் கையில் தயாராக இருந்தது. அவற்றை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்த்தபோதுதான் வேறொன்று தெரிந்தது. இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவிலும் டெடிங்டனிலும் இருந்த ஆராய்ச்சிக் கூடங்கள் இதை எடுத்துக்கொண்டு, மாதிரிகளைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தன. வேகமாகப் போகும்போது கொந்தளிப்பான காற்றில் சிக்கினால், இறக்கை தானாகவே அதிரத் தொடங்குகிறது; அந்த அதிர்வு காற்றிலிருந்தே வலு வாங்கிக்கொண்டு நொடிக்கு நொடி பெருகி, இறக்கையைத் தாங்கும் சட்டம் வளைந்து, கடைசியில் இறக்கையே கழன்றுவிடுகிறது. எங்கள் தொழிலில் இதைப் பிளட்டர் என்போம். கொடியில் காயப்போட்ட வேட்டி காற்றில் படபடவென்று அடித்துக்கொள்வதைப் பார்த்தவர்களுக்கு இதன் உருவம் விளங்கும். வேட்டி கிழியாது, இறக்கை கிழியும். தீர்வு எளிமையானதாக இருந்தது: முதன்மைத் தாங்குசட்டத்தோடு ஒரு சிறு துணைச்சட்டத்தைச் சேர்த்து விறைப்பைக் கூட்டினார்கள். கையளவு இரும்பு. அது முதலிலேயே இருந்திருந்தால் எத்தனை பேர் வீடு திரும்பியிருப்பார்கள் என்று எண்ணும்போது இன்றும் நெஞ்சு கனக்கிறது.

நம் ஊரோடு இதற்கு உள்ள தொடர்பை யாரும் எழுதிக் கண்டதில்லை. பைரன் பே விபத்து நடந்தது செப்டம்பர் 18. டாட்டாவின் புஸ் மாத் கராச்சியிலிருந்து கிளம்பியது அக்டோபர் 15. இடையில் இருப்பது இருபத்தேழு நாள். வின்சென்ட் அந்தத் தபாலோடு தக்காணத்தின் மேட்டுநிலத்தைக் கடந்து சென்னைக்கு வந்தபோது, அவர் அமர்ந்திருந்த வகை விமானத்தின் இறக்கை ஏன் பிய்கிறது என்ற கேள்வி இன்னும் முழுதாகத் தீராத கேள்வி. நாம் அந்தப் பயணத்தை மாட்டுவண்டியில் வந்த பெட்ரோல், ஜுஹுவின் மண்திடல் என்று அழகான காட்சிகளாகவே நினைவில் வைத்திருக்கிறோம். அந்த விமானத்தில் துணைச்சட்டம் எந்தத் தேதியில், எத்தனையாவது பறப்பு மணியில் பொருத்தப்பட்டது என்பதே எனக்கு அதைவிட முக்கியம். அதைச் சொல்லக்கூடியது அதன் லாக் புக் ஒன்றுதான்.

அறிக்கை இல்லாத இடத்தில் வதந்தி எப்படிக் குடியேறுகிறது என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த சில ஆண்டுகளில், 1980களின் தொடக்கத்தில், ஐப்பசி மழை ஓய்ந்து வானம் மூட்டமாக இருந்த ஒரு காலையில், எங்கள் புஷ்பக் ஒன்று தரையிறங்க வரும்போது எஞ்சின் நின்று ஓடுதளத்துக்கு வெளியே வயலில் விழுந்தது. பயிற்றுநருக்கும் மாணவருக்கும் பலத்த காயம், உயிர் தப்பினார்கள். அன்று மாலைக்குள் ஊர் முழுவதும் ஒரே பேச்சு: பெட்ரோல் இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் ஏறிவிட்டார் பயிற்றுநர் என்று. ஆனால் விழுந்த விமானத்தின் தொட்டியைத் திறந்து பெட்ரோலை டின்னில் இறக்கியவன் நான். முழங்கால் அளவு சேற்றில் நின்றுகொண்டு, டின்னைச் சாய்த்து நிறம் பார்த்தேன்; அடியில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்த்தேன்; வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தேன். பெட்ரோல் போதுமான அளவு இருந்தது, சுத்தமாகவும் இருந்தது. எஞ்சினை ஹாங்கருக்குக் கொண்டுவந்து இரண்டு நாள் பிரித்துப் பார்த்தோம். ஒரு குறையும் இல்லை.

குறையே இல்லாத எஞ்சின் ஏன் நின்றது? என் மூத்த பொறியாளர் அன்றே சொன்ன காரணம் கார்புரேட்டரில் பனிக்கட்டி. சென்னை வெயிலில் பனிக்கட்டியா என்று கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அது நடக்கக்கூடியதே. கார்புரேட்டருக்குள் காற்று குறுகிய வழியில் விரைந்து போகும்போதும், பெட்ரோல் ஆவியாகும்போதும், அங்கே வெப்பம் இருபது முப்பது டிகிரிவரை இறங்கும். வெளியே இருபத்தைந்து டிகிரி இருந்தாலும், காற்றில் ஈரம் மிகுந்திருந்தால், இறங்குவதற்காக எஞ்சினின் விசையைக் குறைக்கும் நேரத்தில் உள்ளே பனி படிந்து காற்றுவழியை அடைத்துவிடும். அதற்காகவே, சூடான காற்றை உள்ளே விடுவதற்கென்று ஒரு குமிழ் விமானியின் முன்னால் இருக்கிறது. விழுந்த பிறகு எஞ்சினின் சூட்டிலேயே அந்தப் பனி உருகி நீராகி மறைந்துவிடும். பிரித்துப் பார்ப்பவருக்கு எதுவும் அகப்படாது. பிறகு அதைக் கண்டுபிடிப்பது எப்படி? அன்றைய காலையின் ஈரப்பத அளவு, அந்தக் குமிழ் இருந்த நிலை, உயிர் பிழைத்தவர்களின் வாக்குமூலம், எஞ்சின் நிற்பதற்கு முன் அதன் ஓசை எப்படி மாறியது என்பது, இவற்றைச் சேர்த்துத்தான். இவையெல்லாம் விசாரணை அறிக்கையில் இருக்கும். நானும் வாக்குமூலம் கொடுத்தேன். அந்த அறிக்கையை இன்றுவரை என் கண்ணால் பார்க்கவில்லை.

பயிற்றுநர் சில ஆண்டுகளுக்கு முன் காலமானார். கடைசிவரை, அவரைத் தெரிந்தவர்கள்கூட, ‘பெட்ரோல் பார்க்காமல் ஏறியவர்’ என்றே அவரைப் பற்றிப் பேசினார்கள். அவருடைய மகள் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: அப்பாவின் தவறு என்று எழுதியிருந்தால் அதையும் படித்துவிடுகிறேன் அண்ணா, எழுதியதைக் காட்டச் சொல்லுங்கள் என்று. அவருக்காகத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தேன். உரிய அலுவலகத்திலிருந்து, ‘கோரிய பதிவுகள் இவ்வலுவலகத்தில் கிடைக்கப்பெறவில்லை’ என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அழிக்கப்பட்டதா, வேறிடத்துக்கு அனுப்பப்பட்டதா, தேடிப் பார்க்கப்பட்டதா என்பதற்கு அதில் விடை இல்லை. அச்சட்டத்தின் 8ஆம் பிரிவின் 3ஆம் உட்பிரிவு, இருபது ஆண்டுகளுக்கு முன் நடந்த நிகழ்வைப் பற்றிய தகவலை, நாட்டின் பாதுகாப்பு போன்ற சில விலக்குகள் தவிர, கொடுத்தே ஆக வேண்டும் என்கிறது. சட்டம் கொடுக்கச் சொல்கிறது. கொடுப்பதற்கு ஏடு இருக்க வேண்டுமே.

வெளிநாட்டில் இது எப்படி நடக்கிறது என்பதையும் தங்கள் வாசகர்கள் அறிய வேண்டும். பிரிட்டனில் சிவில் விமானப் பதிவேட்டின் பழைய பக்கங்களை, கையால் எழுதியவற்றை அப்படியே படம் பிடித்து, எவரும் வீட்டிலிருந்து பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். விமானத்தின் எழுத்துகளைத் தட்டினால், கட்டுமான எண், உடைமையாளர்கள், நீக்கப்பட்ட தேதி எல்லாம் அந்தக் காலத்து எழுத்தர் எழுதிய எழுத்திலேயே வரும். அங்கே விபத்து விசாரணைக்கென்று ஒரு பிரிவு 1915இலேயே தொடங்கப்பட்டது. அதன் பழைய அறிக்கைகள் பொது ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் தேசிய ஆவணக் காப்பகத்தில் 1930களின் விபத்துக் கோப்புகள் உள்ளன. அந்நாட்டுப் பழைய நாளிதழ்கள் இணையத்தில் சொல் தேடும்படி கிடைக்கின்றன. நம் நாட்டில் விமான விபத்துகளை விசாரிப்பதற்கென்று தனிப் பணியகம் 2012இல் ஏற்பட்டது. அதன் அறிக்கைகள் வெளியிடப்படுகின்றன, அது பாராட்டுக்குரியது. ஆனால் 1937ஆம் ஆண்டின் விமான விதிகளிலேயே விபத்து விசாரணைக்கென ஒரு பகுதி இருந்தது. அதன்படி பல பத்தாண்டுகள் விசாரணைகள் நடந்திருக்கின்றன, அறிக்கைகள் எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றைப் படிக்க ஒரு வாசகர் எந்தப் படியேற வேண்டும் என்று சொல்ல ஆளில்லை. 1993ஆம் ஆண்டின் பொதுப் பதிவேடுகள் சட்டமும் அதன் விதிகளும், நிலையாகக் காக்க வேண்டிய ஏடுகளை இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் ஆவணக் காப்பகத்துக்கு ஒப்படைக்கச் சொல்கின்றன. ஒரு மனிதர் எப்படி இறந்தார் என்று எழுதிய ஏடு நிலையாகக் காக்க வேண்டியது இல்லையென்றால் வேறு எது அப்படிப்பட்டது?

இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். கொழும்புக்கு அருகே ரத்மலானை விமானத்தளத்தில் முதல் விமானம் இறங்கியது 1935 நவம்பர் 27 அன்று. அதுவும் ஒரு புஸ் மாத்; சென்னையிலிருந்து சென்றது; ஓட்டிச் சென்றவர் மெட்ராஸ் ஃபிளையிங் கிளப்பின் தலைமைப் பயிற்றுநர் டின்டேல் பிஸ்கோ. இலங்கையில் விமானத் துறை வரலாறு எழுதுகிற எவரும் இந்த நாளையும் இந்தப் பெயரையும் விடாமல் குறிப்பிடுகிறார்கள். இறங்கிய ஊர் நினைவு வைத்திருக்கிறது. ஏறிய ஊர் நாம். அன்று காலை எத்தனை மணிக்குக் கிளம்பினார், கடலைக் கடக்க எவ்வளவு பெட்ரோல் எடுத்தார், அந்த விமானம் பிறகு என்ன ஆயிற்று என்பதை நம் நாளிதழ் ஒன்று எழுதி நான் படித்ததில்லை. அக்காலத்துத் தமிழ் நாளிதழ்களின் தொகுப்புகள் தரமணி ரோஜா முத்தையா நூலகம் போன்ற இடங்களில் காக்கப்படுகின்றன. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் சென்னை மாகாண அரசின் ஆவணங்கள் இருக்கின்றன. தேடப் போகிற இளைஞர்களுக்கு என் அனுபவத்தில் ஒன்று சொல்வேன்: செய்தித்தாளின் தேதியை விபத்தின் தேதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தந்தி வந்து, அச்சேறி, வெளியூர்ப் பதிப்பாகும்போது இரண்டு மூன்று நாள் தள்ளியிருக்கும். தேதி ஒரு நாள் பிசகினால் பதிவேட்டில் வேறு விமானத்தில் போய் நிற்பீர்கள். யாரோ ஒருவரின் விபத்து இன்னொருவர் பெயரில் ஏறிவிடும்.

ஆகவே தங்களிடம் நான் வேண்டுவது இவை. படத்தின் கீழுள்ள குறிப்பைத் திருத்தி ஒரு வரி வெளியிடுங்கள். அதைவிட முக்கியமாக, தங்கள் நாளிதழ் வழியாக ஓர் அழைப்பு விடுங்கள். பயிற்சிக் கழகங்களில் வேலை பார்த்தவர்கள், விமானிகள், அவர்களுடைய பிள்ளைகள் வீட்டுப் பரணில் பழைய லாக் புக்குகள், பறப்புக் குறிப்பேடுகள், பின்னால் தேதி எழுதிய புகைப்படங்கள் இருக்கக்கூடும். வீடு மாறும்போதும் பெரியவர் மறையும்போதும் முதலில் பழைய பேப்பர் கடைக்குப் போவது இவைதான். அவற்றைப் படம் எடுத்து ஒரு பொது நூலகத்துக்குக் கொடுத்தால் போதும். மூலத்தை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். மத்திய அரசு, விமானப் பதிவேட்டின் பழைய பக்கங்களையும் 2012க்கு முந்தைய விபத்து அறிக்கைகளையும், இருப்பவை இவை, அழிந்தவை இவை என்று குறைந்தது ஒரு பட்டியலாகவேனும் வெளியிட வேண்டும் என்பதைத் தாங்கள் தலையங்கத்தில் எழுத வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

வயலில் விழுந்த அந்தப் புஷ்பக்கின் எஞ்சின் லாக் புக் என்னிடம் இருக்கிறது. கழகத்தின் பழைய அறையைக் காலி செய்தபோது குப்பையோடு குப்பையாகக் கிடந்ததை, பொறுப்பாளரிடம் எழுதிக் கொடுத்து வாங்கி வந்தேன். நீல அட்டை, முதுகில் துணி, கடைசிப் பதிவு விபத்துக்கு முந்தைய நாளின் பரிசோதனை. அதன் எதிரே இருப்பது என் கையொப்பம். அதற்குப் பிறகு உள்ள பக்கங்கள் வெறுமையாக இருக்கின்றன. விசாரணை அறிக்கை எங்கிருந்தாவது வெளிவருமானால், இந்த ஏட்டை அதனோடு சேர்த்து வைக்கக் கொடுப்பதற்கு ஆயத்தமாக இருக்கிறேன். தங்கள் அலுவலகத்திலிருந்து யாரேனும் வந்து பார்க்க விரும்பினால், எந்த நாளும் வரலாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வு பெற்ற விமானப் பராமரிப்புப் பொறியாளர்,
குரோம்பேட்டை, சென்னை.